மீட்டரிலிருந்து டி.பி. வரை: மெயின் வயரின் அளவை எது முடிவு செய்கிறது?

வீடு கட்டும்போது டைல்ஸுக்காக நான்கு கடை ஏறி இறங்குகிறோம். மீட்டர் போர்டிலிருந்து டி.பி. பாக்ஸுக்கு, அதாவது அறைகளுக்கு லைன் பிரியும் பெட்டிக்குப் போகும் மெயின் வயர் விஷயம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. “மெயினுக்கு 6 ஸ்கொயர் போட்டுடலாம் சார், தாராளமா தாங்கும்.” தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அந்த வயர் எந்தச் சுவரில் போகிறது, எவ்வளவு தூரம், ஒரே பைப்புக்குள் இன்னும் எத்தனை வயர்கள், அது கிளம்பும் இடத்தில் என்ன எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்று எதையும் கேட்காமல் சொன்ன அளவு அது. 

ஸ்கொயர் என்று கடையில் சொல்வது தாமிரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை, சதுர மில்லிமீட்டரில். வயதான ஒயர்மேன்கள் இன்னும் 3/20, 7/20 என்று பழைய கணக்கில் பேசுவார்கள். 7/20 என்றால் 20 கேஜ் கம்பி ஏழு. கூட்டினால் சுமார் நாலரை ஸ்கொயர் வரும். நாலு விளக்கு, மூன்று ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் இருந்த காலத்தில் ஒரு வீட்டின் மெயினுக்கே அது போதுமானதாக இருந்தது. அதே வயரில் இன்று இரண்டு ஏசியையும் கீசரையும் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம்.

எம்.சி.பி. எதைக் காப்பாற்றுகிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஃப்ரிட்ஜையோ டிவியையோ காப்பாற்ற வைத்தது என்று நினைக்கிறோம். முதல் வேலை வயரைக் காப்பாற்றுவது. வயரின் வழியே மின்னோட்டம் போகும்போது அதன் மின்தடையால் சூடு பிறக்கிறது, மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து 70 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் அன்றே எரிந்துவிடாது. மெல்ல மெல்ல இறுகி, வெடிப்பு விட்டு, சில வருடங்கள் கழித்து ஒரு நாள் பைப்புக்குள்ளேயே ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும். அந்த நிலைக்குப் போகாமல் முன்கூட்டியே நிறுத்துவதற்குத்தான் எம்.சி.பி.

ஆகவே வரிசை இதுதான்: வீட்டின் தேவை எம்.சி.பி.யின் அளவை முடிவு செய்யும், எம்.சி.பி.யின் அளவு வயரை முடிவு செய்யும். வயர் தாங்கும் அளவு எப்போதும் எம்.சி.பி.யின் அளவுக்குக் குறையக்கூடாது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. கோடைக்காலத்தில் 32 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, யாரோ வந்து 63 ஆம்பியரை மாட்டிவிட்டுப் போகிறார். பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கும் 6 ஸ்கொயர் வயருக்கு அன்றிலிருந்து காவல் இல்லை. என்னைக் கேட்டால், மெல்லிய வயர் போடுவதைவிட ஆபத்தான காரியம் இது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 32 ஆம்பியர் எம்.சி.பி. 33-ஐத் தொட்டதும் விழுந்துவிடாது. தரநிலைப்படி, குறித்த அளவின் 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். அதாவது 46 ஆம்பியரையும் அது கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவு நேரமும் வயரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் இம்மிகூட இடம் விடாமல் வயர் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எம்.சி.பி. எங்கே இருக்க வேண்டும்? வயர் புறப்படும் இடத்தில். பல வீடுகளில் காம்பவுண்டு சுவரில் மீட்டர் இருக்கும், டி.பி. பாக்ஸ் ஹாலுக்குள் இருக்கும், பளபளப்பான மெயின் எம்.சி.பி. அந்த டி.பி.க்குள் இருக்கும். அது டி.பி.யிலிருந்து கிளம்பும் வயர்களுக்குப் பாதுகாப்பு. மீட்டரிலிருந்து டி.பி. வரை வரும் வயரில் ஓடும் சுமையையும் அது ஓரளவு கட்டுப்படுத்தும்தான். ஆனால் நடுவில் யாராவது சுவரில் ஆணி அடித்து ஷார்ட் ஆனால், கடைசியில் இருக்கும் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ்தான் ஒரே காவல். அந்த ஃபியூஸ் கேரியருக்குள் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. மெயின் வயர் எதுவானாலும் மீட்டருக்கு அடுத்தபடியாக, உங்கள் பக்கத்தில், அந்த வயருக்குப் பொருத்தமான எம்.சி.பி. ஒன்று இருக்க வேண்டும்.

ஒரு மாடி வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் இணைப்புச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று ஃபேஸ் இணைப்பு. ஏசி, கீசர் என்று வந்துவிட்ட வீடுகள் சுலபமாகத் தாண்டிவிடும். கீழ்தளம் கட்டிச் சில வருடங்கள் கழித்து மாடி எழுப்பும் வீடுகளில், ஒரு ஃபேஸை அப்படியே மாடி டி.பி.க்கு ஒதுக்கிவிடுவது பரவலான பழக்கம். அதையே எடுத்துக்கொள்வோம்.

மாடியில் ஒன்றரை டன் ஏசி இரண்டு, முழு ஓட்டத்தில் சேர்ந்து 15 ஆம்பியர். 2000 வாட் கீசர், 8.7 ஆம்பியர். 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, கிட்டத்தட்ட 8. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் சேர்த்து 4 என்று வைப்போம். விளக்கும் ஃபேனும் 3. கூட்டினால் 39 ஆம்பியர் அருகில் வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவது அபூர்வம். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும், இரவு ஏசி ஓடும்போது அடுப்பு ஓடாது. 32 ஆம்பியர் எம்.சி.பி. நியாயமான தேர்வு. எப்போதாவது எல்லாம் சேர்ந்து 39-ஐத் தொட்டாலும் அது உடனே விழாது என்பதை மேலேயே பார்த்தோம்.

இப்போது வயர். சுவருக்குள் பைப்பில் போகும் ஒரு ஃபேஸ் பி.வி.சி. தாமிர வயருக்குச் சர்வதேசத் தரநிலை அட்டவணை சொல்லும் அளவுகள்: 4 ஸ்கொயர் 32 ஆம்பியர், 6 ஸ்கொயர் 41, 10 ஸ்கொயர் 57, 16 ஸ்கொயர் 76. இதைப் பார்த்தால் 4 ஸ்கொயரே போதும் போலத் தோன்றும். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அந்த எண்கள் சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருந்தால் மட்டும் செல்லும். வேலூரிலும் கரூரிலும் மதுரையிலும் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரி. மேற்குப் பார்த்த சுவரில் மதியம் முழுக்க வெயில் வாங்கும் பைப்புக்குள் 45 என்று வைத்துக்கொள்வது மிகையில்லை. 40 டிகிரிக்கு அட்டவணை எண்ணை 0.87-ஆல் பெருக்க வேண்டும், 45-க்கு 0.79-ஆல், 50-க்கு 0.71-ஆல்.

45 டிகிரியில் 4 ஸ்கொயரின் 32 ஆம்பியர் 25 ஆகச் சுருங்குகிறது. 6 ஸ்கொயரின் 41, 32.4 ஆகிறது. மயிரிழையில் தப்பித்தோம் என்று நினைக்கும்போது அடுத்த கேள்வி வருகிறது: அந்தப் பைப்பில் வேறு லைன் ஏதாவது போகிறதா? கீழ்வீட்டு மெயினும் அதே பைப்பில் ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கும். இரண்டு சர்க்யூட் சேர்ந்தால் 0.8-ஆல் பெருக்க வேண்டும், மூன்று என்றால் 0.7. 6 ஸ்கொயர் இப்போது 26 ஆம்பியர் வயர். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் அதற்கு இடமில்லை. 10 ஸ்கொயர் இந்த இரண்டு வெட்டையும் தாங்கி 36 ஆம்பியரில் நிற்கிறது.

இந்த வீட்டுக்கு விடை 10 ஸ்கொயர். ஆனால் தனிப் பைப்பை நிழல் விழும் கிழக்குச் சுவரில் ஏற்றியிருந்தால், 40 டிகிரிக் கணக்கில் 6 ஸ்கொயருக்கு 35 ஆம்பியர் கிடைத்திருக்கும், அதுவே போதும். பைப்பின் பாதையை முடிவு செய்கிற கொத்தனாரும் ஒரு வகையில் வயரின் அளவை முடிவு செய்கிறார்.

வயர் டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணை வைத்து ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் 30 டிகிரிக் கணக்கைப் போட்டிருப்பார், இன்னொருவர் 40 டிகிரிக் கணக்கை. ஒருவர் திறந்தவெளி எண்ணைப் போட்டிருப்பார், இன்னொருவர் பைப்புக்குள் போகும் எண்ணை. எண் பெரிதாக இருப்பதால் வயர் உசத்தி ஆகிவிடாது. 85 டிகிரி தாங்கும் ஹெச்.ஆர். வயரிலும் இதே கவனம் வேண்டும். வயர் அந்தச் சூட்டைத் தாங்கும். அது போய் இறுகும் எம்.சி.பி.யின் டெர்மினல் பெரும்பாலும் 70 டிகிரிக் கணக்கில் செய்யப்பட்டது. கூடுதல் தாங்குதிறனைக் கூடுதல் ஆயுள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கூடுதல் ஆம்பியர் என்று வேண்டாம்.

தூரம்

சூட்டுக் கணக்கில் தேறிய வயர் வோல்டேஜ் கணக்கில் தோற்கலாம். வயர் முழுக்க மின்தடை இருப்பதால், அதன் நீளத்துக்கும் அதில் ஓடும் ஆம்பியருக்கும் ஏற்ப வோல்டேஜ் வழியிலேயே கொஞ்சம் கரைந்துவிடும். போகும் வயர், திரும்பும் வயர் இரண்டையும் சேர்த்து, சூடான நிலையில், ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு ஆம்பியருக்கு 4 ஸ்கொயரில் 11 மில்லிவோல்ட், 6 ஸ்கொயரில் 7.3, 10 ஸ்கொயரில் 4.4, 16 ஸ்கொயரில் 2.8 என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டரிலிருந்து கடைசி சுவிட்ச் வரை மொத்த இழப்பு விளக்குகளுக்கு 3 விழுக்காட்டுக்குள்ளும் மற்றவற்றுக்கு 5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல்.

நம் மாடி டி.பி. 30 மீட்டர் தூரத்தில் இருந்தால், 32 ஆம்பியரில் 4 ஸ்கொயர் 10.6 வோல்ட்டை விழுங்கும். 6 ஸ்கொயர் 7 வோல்ட், அதாவது 230-ல் 3 விழுக்காடு. டி.பி.க்கு வரும்போதே 3 போய்விட்டால் அங்கிருந்து அறைகளுக்குப் போகும் வயர்களுக்கு மிச்சம் என்ன? 10 ஸ்கொயரில் 4.2 வோல்ட்தான் இழப்பு, 2 விழுக்காட்டுக்கும் கீழே.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இது வெறும் கணக்கு இல்லை. அங்கே மாலை நேரத்தில் மீட்டரிலேயே 200 வோல்ட்தான் வரும் என்றால், அதிலிருந்தும் பத்து வோல்ட்டைப் பறிகொடுக்க முடியாது. இப்போதைய இன்வெர்ட்டர் ஏசிகள் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி அதே குளிர்ச்சியைத் தர முயலும். ஆம்பியர் கூடினால் வயரில் இழப்பு இன்னும் கூடும். போர் மோட்டார் இருக்கும் இடத்தில் வேறு தொல்லை: கிளம்பும் கணத்தில் அது வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்தால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும்.

பெரிய வயர் போட்டால் கரண்ட் பில் குறையும் என்று கடைகளில் சொல்வதுண்டு. பொய் இல்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இதே 30 மீட்டரில் இரவு எட்டு மணி நேரம் 16 ஆம்பியர் ஓடினால், 6 ஸ்கொயருக்கும் 10 ஸ்கொயருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பில்லுக்காகப் பெரிய வயர் வாங்க வேண்டியதில்லை. சூடும் வோல்டேஜும் போதிய காரணங்கள்.

மூன்று ஃபேஸையும் மாடிக்குக் கொண்டுபோனால்?

என் யோசனை கேட்டால், மாடிக்கு ஒரு ஃபேஸில் தடித்த வயர் இழுப்பதைவிட மூன்று ஃபேஸையும் ஏற்றிவிடுவது நல்லது. ஏசிகள் ஆளுக்கொரு ஃபேஸில், கீசரும் அடுப்பும் மூன்றாவதில் என்று பிரித்தால் எந்த ஃபேஸிலும் 20 ஆம்பியரைத் தாண்டுவது அரிது. மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் 25 ஆம்பியர் நாலு போல் எம்.சி.பி., 6 ஸ்கொயர் வயர் நான்கு. மூன்று ஃபேஸும் ஓடும்போது 6 ஸ்கொயருக்கு அட்டவணை எண் 36, வெயிலுக்குக் கழித்தால் 28. தனிப் பைப்பாக இருந்தால் சரியாக அடங்கும். ஒரு ஃபேஸ் போனாலும் வீடு முழுக்க இருட்டாகாது என்பது நம் ஊரில் சின்ன லாபம் இல்லை.

ஆனால் நியூட்ரலில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று ஃபேஸும் சமமாக ஓடினால் நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது என்று பாடத்தில் படித்தவர்கள் அதை ஒரு அளவு குறைத்துப் போடுவார்கள். வீட்டில் சமம் என்பதே கிடையாது. ஒரு ஃபேஸ் மட்டும் ஓடும்போது அதன் முழு ஆம்பியரும் நியூட்ரல் வழியேதான் திரும்பும். எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி போன்றவை இழுக்கும் மின்னோட்டத்தில் உள்ள சில அலைகள் மூன்று ஃபேஸிலிருந்தும் நியூட்ரலில் வந்து கழியாமல் கூடுகின்றன. நியூட்ரலும் ஃபேஸ் அளவிலேயே இருக்கட்டும், அதன் இணைப்பு எல்லாவற்றையும்விட இறுக்கமாக இருக்கட்டும். நியூட்ரல் கழன்றால், குறைந்த சுமை உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 400 பக்கம் ஏறி டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும்.

எர்த் வயருக்குத் தரநிலை விதி எளிது. ஃபேஸ் வயர் 16 ஸ்கொயர் வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை 16 ஸ்கொயர் எர்த் போதும், அதற்கும் மேலே போனால் ஃபேஸில் பாதி. ஆனால் எர்த் வயர் எவ்வளவு தடியாக இருந்தாலும் அது போய்ச் சேரும் குழியின் மின்தடை 5 ஓம் என்றால், ஃபேஸ் நேராக எர்த்தைத் தொட்டாலும் 230-ஐ 5-ஆல் வகுத்த 46 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதை வெறும் கூடுதல் சுமையாக நினைத்துப் பல நிமிடங்கள் சும்மா இருக்கலாம். அதுவரை கீசரின் உடம்பில் கரண்ட் நிற்கும். இந்த ஓட்டையை அடைப்பது, கரண்ட் கசிவதைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மட்டுமே. 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும்படி ஒன்று டி.பி.யில் இருக்க வேண்டும். அதே சமயம் ஆர்.சி.சி.பி. அதிகச் சுமையைக் கண்டுகொள்ளாது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு: தோட்டத்து வீடு, மாட்டுக்கொட்டகை, மோட்டார் ரூம் என்று மண்ணுக்கடியில் நீண்ட தூரம் போகும்போது ஆர்மர்டு அலுமினியக் கேபிள் நல்ல தேர்வுதான், விலை மிகவும் குறையும். 16 ஸ்கொயர் அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.91 ஓம், தடித்த இழைகள் உள்ள 10 ஸ்கொயர் தாமிரத்துக்கு 1.83. அதாவது தாமிரக் கணக்கில் வரும் அளவிலிருந்து ஒரு படி ஏற்றினால் ஏறக்குறைய ஈடு. அலுமினியத்தின் பிரச்சினை நீளத்தில் இல்லை, முனையில் இருக்கிறது. அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இறுக்கத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கித் தளரும். தாமிரத்தோடு நேராகத் தொட்டால் ஈரத்தில் அரிக்கும். இரண்டு உலோகத்துக்குமான பைமெட்டல் லக் (வயரின் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்தி இணைக்க வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் கணக்கில் சேராது.

தாமிரத்திலும் முனை முக்கியம். பல இழை வயரை அப்படியே முறுக்கி டெர்மினலில் திணிப்பதும், துளைக்குள் போகவில்லை என்று சில இழைகளை வெட்டிவிடுவதும் நடக்கிறது. 10 ஸ்கொயருக்குக் காசு கொடுத்து, முனையில் அதைவிடக் குறைந்த ஸ்கொயரை வாங்கிக்கொள்வது இது. மெயின் பாக்ஸில் கருகும் வாசனை வருவது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்ப்பது தெரிந்த விஷயம். 10 ஸ்கொயர் என்று பெயர் இருந்தாலும் தரநிலை பரப்பை அளப்பதில்லை, மின்தடையை அளக்கிறது: மெல்லிய இழைகள் பல உள்ள, எளிதில் வளையும் வயரில் கிலோமீட்டருக்கு 1.91 ஓமுக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் சுத்தமான தாமிரம் 9 ஸ்கொயர் இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். அந்த வகையில் 90 மீட்டர் சுருள் ஒன்றில் தாமிரம் மட்டும் 7 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்க்கும்போதே லேசாக இருக்கும் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர்களும் சந்தையில் உண்டு.

இத்தனைக்குப் பிறகும், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயர் இ.பி.யின் பொறுப்பு, அங்கே நாம் கை வைக்க முடியாது. வீட்டுக்குள் 16 ஸ்கொயர் போட்டுவிட்டு, அனுமதிச் சுமையைக் கூட்டி விண்ணப்பிக்காமல் விட்டால் மீட்டருக்கு முன்னால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். வயரை மாற்றுவதும் சுமையைக் கூட்டிக் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள், அதுவும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் கையால்.

அப்புறம் மின்சார கார். வீட்டில் வைக்கும் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை இழுக்கும், அதுவும் கீசர் மாதிரி கால் மணி நேரம் இல்லை, இரவெல்லாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று மேலே போட்ட சலுகைக் கணக்கு இதற்குச் செல்லாது. மாடி டி.பி.யிலிருந்து அதற்கு லைன் எடுக்காமல், மீட்டர் போர்டிலிருந்தே தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி., தனி வயர் கொடுக்க வேண்டும். இப்போது கார் இல்லையென்றாலும் கட்டும்போதே மீட்டரிலிருந்து போர்டிகோ வரை 32 மில்லிமீட்டர் பைப் ஒன்றைப் பதித்து, உள்ளே ஒரு இழுகம்பியை விட்டு வைப்பதற்குச் செலவு சொற்பம். பூசிய சுவரை உடைத்துப் பிறகு போடுவதற்குத்தான் அதிகம்.